பொருள்: [கலைச்சொல்] மூப்போடு சேர்த்துப் பேசப்படும் குருதிப் புரதங்களுக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: மூப்புப் புரதம், இளமைப் புரதம், மூப்பெதிர்ப் புரதம், மூப்புக்குறிப் புரதம். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் கட்டுரையில் ஒரு வாக்கியம் இருக்கிறது. யூரிக் அமிலம் கூடுதலாக உள்ள நடுவயதினருக்குக் குளோத்தோ என்ற புரதம் குருதியில் குறைவாகக் காணப்படுகிறது என்பது அதன் சாரம். நான்கு சொற்களையும் அதில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எதை வைத்தாலும், ஆய்வு சொல்லாத ஒன்றை வாக்கியம் சொல்லிவிடுகிறது.

மூப்புப் புரதம் என்றால் மூப்பை உண்டாக்கும் புரதம் என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார். குளோத்தோவின் கதை அதற்கு நேர் எதிர். 1997-இல் ஜப்பானில் மகோட்டோ குரோ-ஓவும் அவருடைய குழுவினரும் எலிகளில் வேறொரு மரபணுவைச் செருகியபோது, தற்செயலாகக் குளோத்தோவை உண்டாக்கும் மரபணு செயலிழந்துபோனது. அந்த எலிகளுக்குச் சில வாரங்களிலேயே குருதிக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்தது, எலும்பு நலிந்தது, தோல் மெலிந்தது. சுமார் இரண்டு மாதத்தில் இறந்துபோயின. 2005-இல் அதே புரதத்தை மிகுதியாக உண்டாக்கும் எலிகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் வாழ்ந்தன. உயிரின் நூலை நூற்பவள் என்று கிரேக்கப் புராணம் சொல்லும் தெய்வத்தின் பெயரை 1997-இலேயே அதற்கு வைத்துவிட்டார்கள்.

(பெயரைத் தமிழாக்கி ‘நூற்பி’ என்று சொல்லலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அழகான சொல்தான். ஆனால் சிறப்புப் பெயரை மொழிபெயர்த்தால் வாசகர் வேறெங்கும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. குளோரின் போலக் குளோத்தோ என்றே எழுதுவோம்.)

அப்படியானால் இளமைப் புரதம் என்று சொல்லலாமா? வேண்டாம். நாளைக்கே அது ஒரு மாத்திரை அட்டையில் ஏறிவிடும்.

மூப்பெதிர்ப் புரதத்தில் இன்னொரு சிக்கல். எதிர்ப்பு என்றதும் நோய் எதிர்ப்பு நினைவுக்கு வருகிறது. குளோத்தோ செய்யும் வேலை அது அல்ல. சிறுநீரகத்தில் எஃப்ஜிஎஃப்-23 என்ற இயக்குநீருக்குத் துணை ஏற்பியாக (அதன் செய்தியைச் செல்கள் வாங்கிக்கொள்ள உதவும் புரதமாக) நின்று, மிகுதியான பாஸ்பேட்டை வெளியேற்றச் சொல்கிறது. அதன் வெளிப்பகுதி நொதிகளால் வெட்டுண்டு குருதியில் கலக்கிறது. நாம் அளப்பது அதைத்தான். மேலும் இந்தப் பெயர் குளோத்தோ ஒன்றுக்கு மட்டும் அல்லவே. ஜிடிஎஃப்-15, சிஸ்டாட்டின்-சி என்ற குருதிப் புரதங்களும் இதே பேச்சில் வருகின்றன. வயது ஏற ஏறக் குளோத்தோ குறைகிறது, அவை இரண்டும் கூடுகின்றன. கூடுவதற்கும் குறைவதற்கும் ஒரே பெயர் பொருந்த வேண்டும்.

நான்காவது சொல்லை நான் முதலில் விரும்பினேன். ஆனால் நம் மொழியில் ‘குறி’ தனியாக வருவதில்லை, ‘சொல்வது’ கூடவே வந்துவிடுகிறது. மூப்புக்குறி என்றால் எத்தனை நாள் இருப்பேன் என்று குறி சொல்லும் புரதம் என்று ஆகிவிடும். குருதிப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கவலையோடு உட்கார்ந்திருப்பவர் இந்தச் சொல்லைப் படிப்பார் என்பதை மறக்கக் கூடாது.

என் பரிந்துரை: மூப்புச்சுட்டுப் புரதம்.

அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகள் ஒரு பொருளைக் காட்டும். அதை உண்டாக்குவதில்லை, அழிப்பதும் இல்லை. இந்தப் புரதங்களைப் பற்றி இப்போது உறுதியாகச் சொல்லக்கூடியதும் அவ்வளவுதான். மூப்பு நடக்கும் பக்கத்தைக் காட்டுகின்றன.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் யூரிக் அமிலம்தான். அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 2007 முதல் 2016 வரை 40 வயதிலிருந்து 79 வயது வரை உள்ளவர்களிடம் குளோத்தோ அளக்கப்பட்டது. யூரிக் அமிலமும் குளோத்தோவும் எதிரெதிராகச் செல்வது அந்தத் தரவில் தெரிகிறது. ஆனால் எது எதைத் தள்ளுகிறது? உடலில் சேரும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. குளோத்தோ மிகுதியாக உருவாவதும் அதே சிறுநீரகத்தில். சிறுநீரகம் தளர்ந்தால் ஒன்று ஏறும், மற்றொன்று இறங்கும்; இரண்டும் ஒன்றையொன்று தொடாமலேயே எதிரெதிராகத் தெரியலாம். யூரிக் அமிலமே குளோத்தோவைக் குறைக்கவும் கூடும். ஒரே சமயத்தில் எடுத்த அளவுகள் இதைப் பிரித்துச் சொல்லாது.

இப்போது அந்த வாக்கியத்தில் மூப்பெதிர்ப் புரதத்தை வைத்துப் படியுங்கள். ‘யூரிக் அமிலம் கூடினால் மூப்பெதிர்ப் புரதம் குறைகிறது.’ உடனே மருந்துக் கடைக்குப் போகத் தோன்றும். 2020-இல் வெளிவந்த இரண்டு பெரிய மருத்துவச் சோதனைகளில் அலோபியூரினால் என்ற மருந்து யூரிக் அமிலத்தை நன்றாகவே குறைத்தது; சிறுநீரகச் செயல்திறன் சரிவதை மட்டும் அது தாமதப்படுத்தவில்லை. மூட்டில் படிகம் சேர்ந்து வலிப்பவருக்கு அது தேவையான மருந்து, அதில் ஐயம் இல்லை. பரிசோதனைத் தாளில் உள்ள எண்ணைப் பார்த்து எல்லாரும் விழுங்க வேண்டியது அல்ல.

நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு என்று நாம் பெயர் வைத்துவிட்டுப் பட்டது போதாதா? நல்ல கொழுப்பை ஏற்றிய டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனை, இறப்புகள் கூடியதால் 2006-இல் நிறுத்தப்பட்டது. ‘நல்ல’ என்ற அடைமொழி இன்னும் நிற்கிறது.

அன்புடன்.

---

> மூப்புச்சுட்டுப் புரதம்

ஐயா, விளக்கம் நிறைவாக இருந்தது. இரண்டு ஐயங்கள். ‘சுட்டு’ என்றால் ‘சுட்டுப் பொசுக்கிய’ என்று யாராவது படிக்க மாட்டார்களா? அடுத்து, ஏன் மூப்பு? கட்டுரை 40 வயதுக்காரர்களைப் பற்றியும் பேசுகிறது. அகவை என்று வைத்தால் உறுத்தாது அல்லவா?

---

அம்மா, இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள்.

அகவை என்பது கடந்த ஆண்டுகளின் எண்ணிக்கை. ஒரே அகவை உள்ள இருவரில் ஒருவர் உடல் கூடுதலாகத் தளர்ந்திருக்கலாம். இந்தப் புரதங்களை அளப்பதே அந்த வேறுபாட்டைப் பார்க்கத்தான். முதுமை என்றால் போய்ச் சேர்ந்த நிலை ஆகிவிடுகிறது. முதிர்வு வைப்புத்தொகைக்குப் போய்விட்டது. மூப்பு, ‘மூ’ என்ற வினையிலிருந்து வருவதால் நடந்துகொண்டே இருப்பதையும் குறிக்கும். நாற்பதிலும் அது நடக்கிறது. உறுத்துகிறது என்பது உண்மைதான், ஆனாலும் சரியான சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

சுட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ‘மூப்பு’ முன்னால் ஒட்டி நிற்கும்போது குழப்பம் குறைவு. பிரித்து எழுதினால் வரும். ஆகவே ‘மூப்புச்சுட்டு’ என்பதை எங்கும் ஒரே சொல்லாக எழுதுவோம். ‘மூப்புச்சுட்டி’ என்றும் சொல்லிப் பார்த்தேன். கணினிச் சுட்டி குறுக்கே வருகிறது.

அப்புறம், கட்டுரையின் இன்னொரு சொல்லையும் மாற்றிவிட்டேன். ‘எதிர்மறை உறவு’ என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். இரண்டு பேர் சண்டை போட்ட மாதிரி இருந்தது. ஒன்று கூடும்போது மற்றொன்று குறைவதைச் சொல்ல ‘எதிர் ஒட்டுறவு’ போதும். யூரிக் அமிலத்தைச் சிறுநீரமிலம் ஆக்க வேண்டாம். நாம் பேசுவது குருதியில் இருப்பதைப் பற்றி.

கலைச்சொல் பட்டியலில் சேர்க்கும் பதிவு:

மூப்புச்சுட்டுப் புரதம் – உடல் மூப்படையும்போது குருதியில் அளவு கூடவோ குறையவோ செய்யும் புரதம். எ.கா. குளோத்தோ (குறையும்), ஜிடிஎஃப்-15 (கூடும்). மூப்புக்குக் காரணம் என்றோ தடுப்பு என்றோ இச்சொல் பொருள்படாது.

கடைசி வாக்கியம் நீளம் என்று தோன்றினால் சொல்லுங்கள், சுருக்கித் தருகிறேன். எடுத்துவிட மட்டும் வேண்டாம்.