'பேக் பிரஷர்': பின்னழுத்தம் வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

காருக்கு ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் (புகை தடையின்றிப் போகும் சைலன்சர்) மாட்டுவது பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். 'பேக் பிரஷர்', அதாவது புகை வெளியேறும் வழியில் தடை இருப்பதால் எஞ்சின் பக்கம் ஏறும் அழுத்தம், வந்த இடத்தில் தமிழ்ச் சொல் கிடைக்காமல் மாட்டிக்கொண்டேன். வழக்கமாக எழுதும் 'பின்னழுத்தம்' எனக்குப் பிடிக்கவில்லை. பின்னாலிருந்து ஏதோ எஞ்சினுக்கு முட்டுக் கொடுக்கிறது போலத் தோன்றும். ஏற்கெனவே சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் "எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும் சார்" என்று அடித்துச் சொல்கிறார்கள்.

வேண்டியது அழுத்தம் இல்லை, வேகம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் புகை ஒரு மொத்தையாகப் பாய்கிறது. அதன் வால்பக்கம் அழுத்தம் இறங்குகிறது. இதுவும் காற்று உள்ளே வரும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கணத்தில், இந்த இறக்கம்தான் மிச்சப் புகையை வெளியே இழுத்துப் புதுக் காற்றுக்கு இடம் விடுகிறது. இதைத்தான் ஸ்கேவெஞ்சிங் என்கிறார்கள். குழாயை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் புகையின் வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்மில் (எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது) வண்டி இழுக்காது. உடனே "பேக் பிரஷர் போச்சு" என்கிறோம். (யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் அன்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் திரும்பி வரும் அழுத்த அலை, நழுவிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அது வேறு சங்கதி.)

நாம் குறைக்கப் பார்ப்பது தடையை. 50 மி.மீ. குழாய், வளைவில் 45 மி.மீ. விட்டத்துக்குச் சுருங்கினாலே பரப்பில் 19 சதவீதம் காலி. எனவே தடைக்குப் 'புகைத்தடை', ஸ்கேவெஞ்சிங்குக்கு 'இழுப்பு' (அடுப்புக்குச் சொல்வோமே). சரியா?

* * *

தம்பி,

விளக்கம் சரி, சொற்கள்தான் உதைக்கின்றன. 'புகைத்தடை' என்றால் சென்ட்ரல் ஸ்டேஷனில் பீடி பிடிக்காதே என்று பலகை வைத்தது போல இருக்கிறது. 'இழுப்பு' எங்கள் வீட்டில் ஆஸ்துமாவுக்குப் பெயர்.

'தடை' இருக்கட்டும்; ரெசிஸ்டன்ஸுக்கு மின்தடை பழகிய சொல். (பவர் கட்டையும் அப்படியே எழுதுகிறார்கள், என்ன செய்வது.) 'வெளிவளித் தடை' என்று வைத்தால் ஏர் ஃபில்டர் பக்கத்துக்கு 'உள்வளித் தடை' சும்மா கிடைக்கும். ஸ்கேவெஞ்சிங்குக்கு 'வாரல்'. ஏரியைத் தூர் வாருகிறோம் அல்லவா? சிலிண்டரில் தங்கியதை வாரிக்கொண்டு போவதும் அதே வேலைதான்.

ஆனால் பின்னழுத்தத்தை ஒரேயடியாகத் துரத்தாதீர்கள். எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் கேஜ் மாட்டினால் முள் காட்டுவது அழுத்தத்தைத்தான். அடைத்துப்போன கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி) அப்படித்தான் கண்டுபிடிக்கிறோம். தடை காரணம், அழுத்தம் விளைவு. இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும்.

* * *

ஐயா,

நீங்கள் சொன்னது உறைத்தது. கேஜில் தெரியும் எண்ணுக்குப் பின்னழுத்தமே இருக்கட்டும். 'வாரல்' அருமை, எடுத்துக்கொண்டேன்.

'வெளிவளி'யில்தான் தயக்கம். வண்டிக்கு வெளியே இருக்கும் காற்று என்றுதான் யாரும் படிப்பார்கள். அது உள்ளே போகிற காற்று, நேர் எதிர். கழிவுநீர் மாதிரி 'கழிவளி' என்றால்? 'கழிவளித் தடை'. உங்கள் உள்வளி ஜோடி உடைகிறது, மன்னிக்கவும்.

அப்புறம், கட்டுரையில் முதல் தடவை வரும்போது மட்டும் பக்கத்திலேயே 'எக்ஸாஸ்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்' என்று போட்டுவிடுகிறேன். இல்லையென்றால் என் மெக்கானிக்கே படிக்க மாட்டார்.