பெயின்ட் உரித்த மாடல் கார் பாகங்களைக் கழுவுவது – உங்கள் அனுபவம்

சாட்ஸ்வொர்த், டர்பன்

பழைய பெயின்ட்டை எதில் ஊறவைத்து உரிப்பது என்று எல்லாரும் சொல்கிறார்கள். உரித்த பிறகு கழுவுவதைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆனால் அடுத்த பெயின்ட் பிடித்து நிற்குமா நிற்காதா என்பது அங்கேதான் முடிவாகிறது.

இப்போது கையில் இருப்பது ரெவெல் கம்பெனியின் 1/24 அளவு ஃபோக்ஸ்வேகன் கால்ஃப் ஜிடிஐ மாடல், செகண்ட் ஹேண்ட். முன்பு வைத்திருந்தவர் எனாமலைத் தடிமனாகப் பூசியிருந்தார். 1984-இல் நம்ம ஊருக்கு வந்த சிட்டி கால்ஃபின் சிவப்பை அதற்குக் கொடுக்க ஆசை (சிட்டி கால்ஃபுக்கு ஐந்து கதவு, இதற்கு மூன்றுதான், பரவாயில்லை). தண்ணீர் கலக்காத டெட்டாலில் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன், பெயின்ட் சுருங்கி எழும்பிவிட்டது. இந்த நேரத்தில் பாகத்தை நேராகக் குழாயில் காட்டவே கூடாது. தண்ணீர் பட்டால் கரைந்த பெயின்ட் பிசின் மாதிரி ஆகி, கதவு இடுக்குக் கோடுகளில் அப்பிக்கொள்ளும். அதனால் கையுறை போட்டு, இன்னொரு கிண்ணத்தில் புது டெட்டால் ஊற்றி, பழைய டூத் பிரஷால் அதிலேயே தேய்த்து எடுத்துவிட்டு, அப்புறம்தான் பாத்திரம் கழுவும் சன்லைட் லிக்விடும் வெதுவெதுப்பான தண்ணீரும். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். முன்கண்ணாடியின் இரண்டு பக்கத் தூண்களும் மெல்லியவை, அங்கே மட்டும் உள்பக்கம் விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு தேய்க்க வேண்டும்.

சுத்தமாகிவிட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. நான் பார்ப்பது தண்ணீரை. பாடியை நனைத்துச் சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும். எங்கேயாவது விலகி முத்து முத்தாக நின்றால் அங்கே இன்னும் எண்ணெய்ப் பசை இருக்கிறது, ப்ரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் பூசும் முதல் கோட்) அடித்தாலும் அதே இடத்தில் குழி விழும். இந்த பானெட் ஓரமாக அப்படித்தான் நின்றது, திரும்பச் சோப்பு போட்டபின் சரியாகிவிட்டது. டர்பன் ஈரக்காற்றில் இடுக்குத் தண்ணீர் சீக்கிரம் காயாது, அதனால் ஏர்பிரஷில் வெறும் காற்றை ஊதி வெளியேற்றிவிட்டு, மூடி போட்ட டப்பாவில் ராத்திரி வைத்துவிடுகிறேன்.

லெனேசியா, ஜோஹன்னஸ்பர்க்

அண்ணா, இங்கே நிலைமை நேர்மாறு. குளிர்காலத்தில் காற்று வறண்டு கிடக்கும், பாகம் உடனே காய்ந்துவிடும், ஆனால் துணியால் ஒரு துடை துடைத்தாலே ஸ்டாட்டிக் மின்சாரம் ஏறி தூசியெல்லாம் வந்து ஒட்டும். அதனால் நான் துடைப்பதே இல்லை, தானாகக் காயவிட்டு, அடிப்பதற்கு முன்னால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் லேசாக ஒற்றி எடுக்கிறேன். மெருகு போன குரோம் பம்பரை ஜிக் ப்ளீச்சில் போட்டேன், பளபளப்பு சீக்கிரமே போய்விட்டது, ஆனால் அடியில் வழவழப்பாக ஒரு வார்னிஷ் நின்றுவிட்டது. அதையும் எடுக்கணுமா?

சாட்ஸ்வொர்த், டர்பன்

தம்பி, எடுத்தால்தான் நல்லது. ஜிக் கரைப்பது மேலே இருக்கும் அலுமினியப் படலத்தை மட்டும். வார்னிஷை விட்டுவிட்டால் பம்பரின் கூர்மையான ஓரங்கள் மழுங்கித் தெரியும். அதை ஸ்பிரிட்டில் ஊறவைக்கப் போகிறாய் என்றால், முதலில் ஜிக் வாசனை துளியும் இல்லாத வரை நன்றாக அலசு, ஜிக்கும் ஸ்பிரிட்டும் ஒன்றாகச் சேரவே கூடாது, டெட்டாலும் அப்படித்தான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள். அசிட்டோன் பக்கம் போகாதே, பாலிஸ்டைரீனையே கரைத்துவிடும்.

வெருலம்

பெயின்ட் உரிக்க பிரேக் ஆயில் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று. ஸ்க்ரூ துளையிலும் ஒட்டிய இணைப்புகளிலும் அது போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே எவ்வளவு கழுவினாலும் பிறகு மெதுவாகக் கசிந்து வந்து புது பெயின்ட்டைக் கீழிருந்து தூக்கும். பிரித்துக் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட்டுத்தான் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கண்ணாடி பாகங்களை பிரேக் ஆயிலில் போடவே வேண்டாம்.

இன்னொன்று, சிவப்பு உரித்த வெள்ளை பிளாஸ்டிக்கில் கோடுகளில் தங்கும் ரோஜா நிறக் கறை கழுவினால் போகாது. சாயம் பிளாஸ்டிக்கில் ஊறிவிட்டது. அதன்மேல் வெள்ளை அடிப்பதாக இருந்தால் சில்வர் ஒரு கோட் அடித்து மூடிவிட்டு அடியுங்கள். அண்ணா மறுபடி சிவப்பே அடிப்பதால் அவருக்கு அந்தக் கவலை இல்லை.