‘இந்தா இருக்கேனேப்பா வீட்டுல’: ஒங்க குடும்பத்துல மாறிப்போனத சொல்லுங்க

ராகலைக்காரன்:
போன சித்திரை வருசப்பொறப்பு முடிஞ்ச கையோட நடந்தது, இன்னும் மனச விட்டுப் போகல. நாங்க ராகலைத் தேயிலத் தோட்டத்து ஆளுங்க. தம்பி கொழும்புல மேசன் வேல செஞ்சப்ப பழகின சிங்களப் பொண்ணக் கட்டிக்கிட்டான். ரெஜிஸ்டர் மட்டும்தான், ரெண்டு பக்கமும் பெரியவங்க யாரும் போகல. அவங்க வீட்டுக்கு ஒரே மக, வயலும் இருக்கு. அதனால தம்பி வலப்பனைப் பக்கம் அங்கயே போய்ட்டான். எட்டு மாசம் கெஞ்சி அப்பாவக் கூட்டிட்டுப் போனேன். ஒரு கிலோ தேயிலத் தூளு, அம்மா சுட்ட முறுக்கு.

போனா தம்பி பின்பக்கம் குந்திக்கிட்டு பலாக்காய் வெட்டுறான். கையெல்லாம் எண்ண. மாமியார் பக்கத்துல நின்னு எப்பிடி வெட்டணும்னு சொல்லுது. எங்க லயத்து வரிசை வீட்டுல அவன் ஒரு செம்பு தண்ணி மொண்டு குடிச்சதில்ல, தங்கச்சி கொண்டாந்து குடுக்கணும். அப்பா செருப்பக் கழட்டாம அப்பிடியே நின்னாரு.

சாப்பிட உக்காந்ததும் கேட்டாரு, "எப்படா வீட்டுக்கு வர்ற?"

தம்பி அவருக்கு சொதி ஊத்திக்கிட்டே, நிமிந்து கூடப் பாக்காம, "இந்தா இருக்கேனேப்பா வீட்டுல"ன்னான்.

சண்டைக்கு சொல்லல. சாதாரணமா சொன்னான். அதுதான் குத்துது. அப்பா கை சோத்துலயே நின்னுபோச்சி.

பீலிக்கரை:
அதுக்கு ‘பின்ன’ கல்யாணம்னு பேரு. கண்டிச் சிங்கள வழக்கத்துல ரெண்டு விதம். பொண்ணு புருசன் வீட்டுக்குப் போனா தீக, மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வந்தா பின்ன. பின்னவுல இருக்கிற மகளுக்கு அப்பன் காணியில இருக்கிற பங்கு அத்துப்போகாது.

என்கூடப் படிப்பிக்கிற சிங்கள டீச்சர் ஒருநாள் தேத்தண்ணி குடிக்கிறப்ப சொன்னாங்க. பின்ன மாப்பிள்ளை அறை வாசல்ல ஒரு தடி, ஒரு தீப்பந்தம், ஒரு தாளிப்பனை ஓலை எப்பவும் வச்சிருக்கணுமாம். ராத்திரியோ மழையோ, பொண்ணு வீட்டுக்காரங்க போன்னு சொன்னா உடனே கெளம்பணும்ல, அதுக்கு. பழைய பேச்சுதான், இப்ப யாரும் வைக்கிறதில்லன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து மாமியாருக்கு சுடுதண்ணி வைக்கிறப்பதான் தோணிச்சி, நான் கல்யாணமாகி இங்க வந்தப்ப எனக்கு ஒரு குடை கூட யாரும் குடுத்து விடலையேன்னு.

தொங்கல் காம்பரா:
எங்க கதை வேற. அம்மா குவைத்துல ஒன்பது வருசம். போறதுக்கு முன்ன மலையில கொழுந்து எடுத்தாங்க. 1984லயே ஆம்பள பொம்பள சம்பளம் ஒண்ணாச்சி, ஆனா சம்பள நாள்ல அம்மா சம்பளத்தயும் அப்பாதான் கைநீட்டி வாங்குவாரு. எல்லா வீட்டுலயும் அப்பிடித்தான், யாருக்கும் வித்தியாசமாத் தெரியல.

அம்மா திரும்பி வந்த மறுநாள் ராத்திரி. அப்பாயி வழக்கம் போல அப்பாவுக்கும் எங்களுக்கும் போட்டுட்டு சட்டிய மூடுச்சி. அம்மா ஒரு பிளேட்ட எடுத்து, தானே போட்டுக்கிட்டு, எங்க நடுவுல வந்து உக்காந்தாங்க. அப்பாயி மொறைக்குது. அம்மா சொன்னாங்க, "ஒன்பது வருசம் மத்தவங்க தின்ன பெறகு தின்னேன் அத்த. போதும்."

அப்பா ஒரு வார்த்த பேசல. அப்பாயி அன்னைக்கு சாப்பிடல. அதுக்குப் பெறகு சாகுற வரைக்கும் அது தனியா அடுப்படியிலதான் தின்னுச்சி. எனக்கு அப்ப பதிமூணு வயசு. அம்மா பக்கமா அப்பாயி பக்கமான்னு முடிவெடுக்காமலே நான் தின்னு முடிச்சிட்டேன்.

மட்டக்கொழுந்து:
ராகலைக்காரன் அண்ணே, கோவிச்சிக்காதீங்க. ஒங்க அப்பாவுக்கு பலாக்காய் வெட்டுனதா பிரச்சினை? அதே தம்பி தாய்மாமன் வீட்டுக்குப் போயி அவரு மகளக் கட்டி அங்கயே தங்கியிருந்தா, "மாமன் வீட்டு மாப்பிள்ளை"ன்னு பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பாரு. சொந்தத்துக்குள்ள இல்ல, சாதிக்குள்ள இல்ல, அதான் உறுத்துது. லயத்துல இத யாரும் வாய் தொறந்து சொல்ல மாட்டாங்க. கல்யாணக் கடுதாசி யாருக்குப் போகுது, யாருக்குப் போகலங்கறதுல தெரிஞ்சிரும்.

இன்னொண்ணு. சிங்களவங்க நம்மள விட்டு எவ்வளவு தூரம்னு நெனைக்கிறீங்க? அவங்களுக்கும் அம்மாகூடப் பொறந்தவரு மாமாதான், மாமனாரும் மாமாதான். நாம அத்தைன்னு சொல்றத அவங்க நெந்தான்னு சொல்றாங்க, மாமியாருக்கும் அதே பேரு. நம்ம மச்சான் அங்க மஸ்ஸினா. மாமன் மக, அத்த மக முறை அவங்ககிட்டயும் இருந்ததுதான். ரெண்டு பக்கமும் இப்ப பிள்ளைங்க "அவன் அண்ணன் மாதிரி"ன்னு சொல்லி முறைப்பையன வேணாங்குதுங்க. எங்க வீட்டுல நான்தான் அத மொதல்ல சொன்னவ. மாமா எங்க அம்மாகூடப் பேசி ஆறு வருசமாச்சி. அதப் பத்தி எழுதத்தான் வந்தேன், இப்ப கை வரல.

வவுனியாக்காரி:
77 இனக் கலவரத்துக்குப் பெறகு தாத்தா குடும்பத்தோட தோட்டத்த விட்டு வவுனியா வந்தவரு. சொந்தமெல்லாம் இன்னும் மஸ்கெலியாவுலதான். என்னைப் பொண்ணு பாக்க யாழ்ப்பாணத்துல இருந்து வந்தாங்க, பையன் என்கூட வேல செய்யிறவரு. பேச்சு நல்லாத்தான் போச்சி. அவரு பெரியம்மா தேத்தண்ணி கிளாச வச்சிட்டு சாதுவாத்தான் கேட்டாங்க, "பொம்பிளைக்கு வீடு வளவு ஏதும் எழுதியிருக்கிறியளோ?"

அவங்க பக்கம் மகளுக்கு வீடு குடுக்கிறதுதான் மரியாதை. தேசவழமைங்கற யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்துல சீதனம் பொண்ணோட சொத்து. எங்க பக்கம் மாப்பிள்ளை வீடு பரிசம் கொண்டாரணும். லயத்துல இருந்து வந்த குடும்பம், எந்த வீட்ட யாரு பேருல எழுத? லயத்துக் காம்பரா தோட்டத்துச் சொத்து. அம்மாச்சிக்கு கேள்வியே வெளங்கல, "வீடு எதுக்கு, அவ ஒங்க வீட்டுக்குத்தானே வரப்போறா?"ன்னு திருப்பிக் கேட்டுச்சி. ரெண்டு பேரும் தமிழ்லதான் பேசினாங்க. கல்யாணம் நடக்கல.

பழைய கணக்கப்பிள்ளை:
என் கதை சின்னது. மக டொரண்டோவுல. நான் போனப்ப பேரன், வயசு ஏழு, "தாத்தா, கதவத் தட்டிட்டு வாங்க"ன்னான். பத்துக்குப் பன்னெண்டு அடி காம்பராவுல எட்டு பேரா வளந்த ஆளு நான், எந்தக் கதவத் தட்டிப் பழக? அவ்வளவுதான்.

ஆனா ராகலைத் தம்பிக்கு சிலது சொல்லணும். பீலிக்கரை டீச்சர் சொன்னது சரி, ஆனா அந்தக் கண்டிக் கல்யாணச் சட்டம், 1952ம் வருசத்து 44ம் இலக்கம், ரெண்டு பேரும் கண்டிச் சிங்களவரா இருந்தாத்தான். ஒங்க தம்பி கல்யாணம் பொதுச் சட்டத்துல. பின்ன, தீகன்னு பதியவே முடியாது. பந்தத்தக் குடுத்து வெரட்ட முடியாதுன்னு சந்தோசப்படுங்க, ஆனா காணி மாமனார் பேருலதான் இருக்கும். தம்பி மேசன்னு சொல்றீங்க. அங்க ஒரு அறை கூட்டிக் கட்டுறதுக்கு முன்ன பத்திரம் எழுதுற நொத்தாரிசுகிட்ட ஒரு எழுத்து போட்டுக்கிறது நல்லது. பாசம் இருக்கிறப்பவே எழுதணும். அடுத்தது, பிள்ள பொறந்தா பெறப்புச் சான்றிதழ்ல பேர எப்பிடி எழுதறது, தமிழ் மீடியமா சிங்கள மீடியமா, இப்பவே பேசிக்கணும். ஸ்கூல் சேக்கிற வருசம் பேசினா ரெண்டு வீடும் அடிச்சிக்கும். கடைசியா, ஒங்க தோட்டத்துல காணியும் வீடும் குடுத்தா உறுதிப் பத்திரத்துல அப்பா பேரு மட்டும் போட விடாதீங்க, அம்மா பேரும் இருக்கட்டும். வவுனியாப் பிள்ள சொன்னதுக்கும் இதுதான் மருந்து.

ராகலைக்காரன்:
அய்யாவுக்கு நன்றி. நொத்தாரிசுன்னு சொன்னா தம்பி சிரிப்பான்.

மட்டக்கொழுந்து, நீங்க சொன்னது பாதி உண்மை, மறுக்கல. ஆனா நான் ஒண்ண எழுதாம விட்டுட்டேன். நாங்க கெளம்புறப்ப அந்தப் பிள்ள ஒரு கட்டு வெத்தலையக் கொண்டாந்து அப்பா கையில குடுத்து, மண்டி போட்டு கும்புட்டுச்சி. அவங்க புதுவருச வழக்கம். அப்பாவுக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல. திருநீறு பூசுவாருன்னு பாத்தேன், கொண்டு வரல. சட்டைப் பையில தொழாவி, அவரு போடுறதுக்கு மடிச்சி வச்சிருந்த ரெண்டு வெத்தலையயும் ஒரு பாக்குத் துண்டயும் எடுத்து அது கையில வச்சாரு.

பஸ்ஸுல ராகலை வர்ற வரைக்கும் பேசல. எறங்குறப்ப மட்டும், "வெத்தல மாத்தியாச்சி"ன்னாரு.

அவரு குடுத்தத அந்தப் பிள்ள சிரிச்சிக்கிட்டே வாங்கி அங்கயே வாயில போட்டுக்கிச்சி. அதுக்கு என்ன வெளங்கிச்சின்னு தம்பிகிட்ட நான் இன்னும் கேக்கல.