வசனமில்லாப் பொம்மலாட்டம்: கரி படிந்த பாவை இருட்டில் மறையுது

உப்புவெளி:
திருகோணமலையில ஒரு பாடசாலை மண்டபத்தில 40 நிமிட மேசைப் பொம்மலாட்டம், பேச்சே இல்லை. களம் வேல்ஸ், 439 தொழிலாளர் பலியான 1913 செங்கெனித் நிலக்கரிச் சுரங்க வெடிப்பு. காட்டப்போறது ஒரு வீட்டை மட்டும். பாவை 60 செ.மீ, ஆட்டுறவை மூண்டு பேர். கறுப்புத் திரைக்கு முன்னால தொழிலாளியின்ர பாவை மறையுது. நெற்றியில எல்.ஈ.டி பூட்டியும் முகம் தெரியேல்லை. ‘ஆள் இன்னும் மேல வரேல்லை’ எண்டதையும் எப்பிடிக் காட்டலாம்?

நூல்கட்டி:
நெற்றி விளக்கைக் கழட்டுங்கோ. அது சபையின்ர கண்ணைத்தான் கூசப்பண்ணும். 1913இல அங்க சுடர் எரியிற கைவிளக்குத்தான், தலைக்கும் துணித்தொப்பி. கைவிளக்கை நெஞ்சுக்கு நேர பிடிச்சால் வெளிச்சம் கீழயிருந்து முகத்துக்கு ஏறும். உள்ளுக்க ஒரு மஞ்சள் எல்.ஈ.டி, ஒரு நீலம். சுரங்கக் காத்தில வெடிக்கக்கூடிய மீதேன் வாயு கலந்தால் சுடருக்கு மேல நீலமா எழும், அதுக்குத்தான் நீலம். இரண்டையும் ஒரே 3 வோல்ற் பற்றரியில சமாந்தரமாக் கட்டினால் மின்னை மஞ்சளே இழுத்துப்போடும், நீலம் எரியாது. தனித்தனிப் பற்றரி, தனித்தனி ஆளி. முதல் காட்சியிலேயே நீலத்தைக் கண்டு பாவை பின்வாங்கட்டும், இல்லாட்டிப் பிறகு ஒருத்தருக்கும் விளங்காது.

முகத்துக்குக் கறுப்பு வேண்டாம். கடுஞ்சாம்பல் பூசி, மூக்கு, கன்னம், விரல்மூட்டை வெளிறின சாம்பலால எடுத்துக்காட்டுங்கோ. மேடை விளக்கு இரண்டு பக்கத்தாலயும், மேசை மட்டத்துக்குச் சற்று மேல. முன்னால இருந்து அடிச்சால் திரையும் ஆட்டுறவையும் சேர்ந்து தெரிவினம்.

கச்சான்காத்து:
வராத ஆளுக்கு இலக்க வில்லை போதும், ஆளுக்கொரு இலக்கம் பொறிச்ச உலோகத் தகடு. விளக்கறையில வில்லையைக் குடுத்து விளக்கு எடுக்கிறது. ஏறிவந்து விளக்கைக் குடுத்தால் வில்லை திரும்ப வரும். பலகையில 12 ஆணி, 12 பித்தளை வில்லை. பதினொண்டு ஒவ்வொண்டாப் போகட்டும், கடைசி ஒண்டு தொங்கட்டும். உண்மைப் பித்தளைதான் வேணும், ‘டிங்’ எண்ட சத்தம் வசனத்தின்ர வேலையைச் செய்யும்.

வீட்டில தகரத்தொட்டிக் குளிப்பு இருக்குமெண்டால் தலை இரண்டு செய்யுங்கோ, கரித்தலையும் கழுவின தலையும். மனைவி துவாயால மூடேக்க மாத்திறது. கடதாசிக்கூழ்த் தலையில உண்மைத் தண்ணி படவே கூடாது.

உப்புவெளி:
நன்றி. நிலக்கரிக்கு ரெஜிபோமை உடைச்சு ஸ்பிரே அடிக்கலாமோ?

நூல்கட்டி:
ஸ்பிரேயில இருக்கிற கரைப்பான் ரெஜிபோமைத் தின்னும். தண்ணியில கலக்கிற இமல்சன் கறுப்பு இரண்டு பூச்சு. உண்மைக் கரி வேண்டாம், மூடின மண்டபத்தில தூசு. மாரியில கூழ்த்தலை ஈரம் குடிக்கும், உள்பக்கமும் வார்னிஷ் அடியுங்கோ. ஈரம் குடிச்ச தலை பாரமாகி, கை களைச்சுத் தொங்கும். சபை அதைத் துக்கம் எண்டு வாசிக்கும்.

கச்சான்காத்து:
வார்னிஷ் மினுங்காததா இருக்கவேணும். மினுங்கினால் பக்க வெளிச்சத்தில கரி வேர்வை மாதிரித் தெரியும்.