பிளாக்பூலை வளர்த்தது ரயிலா, ஊர்க்காரர்களா?

தண்டவாளம்:
இங்கிலாந்தின் லங்காஷயர் கரையில் உள்ள சுற்றுலா ஊர் பிளாக்பூல் என்றதும் எல்லோரும் டவரையும் விளக்கு அலங்காரத்தையும் பற்றித்தான் பேசுகிறார்கள். அதெல்லாம் பின்னால் வந்தவை. 1846-இல் ரயில் வராமல் இருந்திருந்தால் அந்த ஊரே இல்லை. 1851-இல் சுமார் 2,500 பேர் இருந்த இடம், 1901-இல் 47 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பஞ்சாலைத் தொழிலாளியைக் கடற்கரையில் கொண்டுபோய் இறக்கியது ரயில்தானே? வேறு காரணம் எதற்குத் தேட வேண்டும்?

நெய்தல்:
அதே 1846-இல் பக்கத்து ஊர் லித்தமுக்கும் கிளைப்பாதை போட்டார்கள். அது ஏன் பிளாக்பூல் ஆகவில்லை? இன்னொரு பக்கத்து ஊர் ஃப்ளீட்வுட்டுக்கு 1840-லேயே ரயில் வந்துவிட்டது. பீட்டர் ஹெஸ்கெத்-ஃப்ளீட்வுட் என்ற நிலக்கிழார், டெசிமஸ் பர்ட்டன் என்ற பேர்போன கட்டடக் கலைஞரை வைத்துத் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். கடைசியில் மனிதர் கடனில் மூழ்கியதுதான் மிச்சம். முதலில் ரயில் வந்த ஊர் ஜெயிக்கவில்லையே, சார்?

தண்டவாளம்:
லித்தம் க்ளிஃப்டன் குடும்பத்தின் சொத்து. அவர்களுக்குக் கூட்டம் பிடிக்காது, வசதியானவர்கள் நாலு பேர் வந்தால் போதும். அதை விதிவிலக்காக வையுங்கள்.

நெய்தல்:
விதிவிலக்கா? என் வாதமே அதுதான். பிளாக்பூலின் நடுப்பகுதியில் நிலம் துண்டு துண்டாகப் பலர் கையில் இருந்தது. "இங்கே இதெல்லாம் கூடாது" என்று அதட்ட ஒரு ஜமீன் கிடையாது. 1897-இல் நகரசபை மணலில் இருந்த கடைக்காரர்களை விரட்டப் பார்த்தது. அவர்கள் சாலையைத் தாண்டி, எதிர் வீடுகளின் முன்தோட்டத்தில் இடம் பிடித்துக் கடை விரித்துவிட்டார்கள்! பிற்பாடு 'கோல்டன் மைல்' என்று பேர் வாங்கிய இடம் அது. லித்தமில் இப்படி நடக்க விட்டிருப்பார்களா?

தறிக்காரன்:
நீங்கள் இருவருமே வந்த ஜனங்களை மறந்துவிட்டீர்கள். லங்காஷயரில் 'வேக்ஸ் வாரம்' என்று ஒரு வழக்கம் இருந்தது. ஊருக்கு ஒரு வாரம் ஆலைகள் மொத்தமாக மூடும். இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் இன்னோர் ஊர். அதனால் கோடை முழுக்க அறைகள் நிரம்பிக்கொண்டே இருந்தன. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் ஆலையில் சம்பாதித்தார்கள். சீட்டுக் கட்டுவது மாதிரி சங்கங்களில் வாராவாரம் போட்டுவைத்து இந்த ஒரு வாரத்துக்குச் செலவழித்தார்கள். தங்கின விதத்தையும் பாருங்கள்: மளிகையும் இறைச்சியும் அவர்களே வாங்கிக் கொடுப்பார்கள், வீட்டுக்காரம்மா சமைத்துத் தருவார். மேஜையில் வைக்கிற உப்பு, மிளகுக்குத் தனிக் காசு வாங்கின வீடுகளும் உண்டு. சாதாரணக் கூலிக்காரனுக்குக் கட்டுப்படியானது இதனால்தான்.

தண்டவாளம்:
அந்தக் கூலிக்காரன் எதில் ஏறி வந்தான், தறிக்காரரே?

நெய்தல்:
ரயிலில்தான், யார் இல்லை என்றது? ஆனால் சும்மா வந்து இறங்கவில்லை, கூப்பிட்டார்கள், வந்தான். 1879-இல் சொத்தின் வரி மதிப்பில் பவுண்டுக்கு 2 பென்ஸ் வரி போட்டு ஊரை விளம்பரம் செய்ய நகரசபை சட்டப்படி அனுமதி வாங்கியது. அதே வருஷம் கடற்கரைச் சாலையில் மின்விளக்கு. 1885-இல் மின்சார டிராம். பாரிஸில் ஈஃபிள் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்த மேயர் ஜான் பிக்கர்ஸ்டாஃப் முன்னின்று முயன்றதில், 1894-இல் 158 மீட்டர் டவர் திறந்தது. 1912-இல் தொடங்கின விளக்கு அலங்காரம் சீசனை இலையுதிர் காலம் வரை இழுத்தது. இது ஊர்க்காரன் மூளை.

தண்டவாளம்:
அந்த விளம்பர போஸ்டர்களை எங்கே ஒட்டினார்கள்? ரயில் நிலையங்களில்! டவரில் பணம் போட்டவனும் கூட்டத்தைப் பார்த்துத்தான் போட்டான். ஊர்க்காரன் மூளைதான் காரணம் என்றால், 1960-களுக்குப் பிறகு ஜனங்கள் விமானத்தில் ஸ்பெயினுக்குப் போனபோது அந்த மூளை ஏன் தடுக்கவில்லை? நகரசபை அப்போதும் இருந்ததே. 1964-இல் பிளாக்பூல் சென்ட்ரல் ஸ்டேஷனையே மூடிவிட்டார்கள்.

நெய்தல்:
ஸ்டேஷன் மூடிய பிறகும் காரிலும் பஸ்ஸிலும் லட்சக்கணக்கில் வந்தார்கள். ரயில்தான் எல்லாம் என்றால் அந்த வருஷமே ஊர் காலியாகியிருக்க வேண்டுமே?

தறிக்காரன்:
அதே காலத்தில்தான் பஞ்சாலைகளும் ஒவ்வொன்றாக மூடின. வேக்ஸ் வாரமே போன பிறகு கோடை முழுக்க யார் வருவார்கள்? இதற்கு இருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.