விழுந்த மரத்துக்கு 0.1 போட்டால் போதுமா?

நதிக்கரையான்:
நேற்று இன்னொரு இழையில் மழைமானி எழுதியது: "வெள்ளச் சமவெளியில் மரம் விழுந்து கிடந்தால் மேனிங் எண்ணை 0.1 என்று வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மேனிங் எண் என்பது தரை தண்ணீரை எவ்வளவு தடுத்து மெதுவாக்குகிறது என்று வெள்ளக் கணக்கில் போடும் எண். அது தரை முழுக்கப் பரவிய உரசலுக்கானது. விழுந்த மரம் ஒரே இடத்தில் குறுக்கே கிடக்கும் தடுப்பு. 60 செ.மீ. பருமனுள்ள அடிமரம் 30 செ.மீ. தண்ணீருக்கு அணை. 2 மீட்டர் தண்ணீருக்கு அது அடியில் கிடக்கும் சின்ன மேடு. இரண்டுக்கும் ஒரே எண்ணா?

மழைமானி:
0.1 நான் வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்தது இல்லை. நீரியல் பொறியாளர் வென் டே சௌ 1959-இல் வெளியிட்ட புத்தகத்தின் அட்டவணையில் இருக்கிறது: அடர்ந்த மரங்கள், விழுந்த மரங்கள் சில, புதர் குறைவு, வெள்ளம் கிளைகளுக்குக் கீழே. எண் 0.100. விழுந்த மரம் அதிலேயே அடக்கம். 18 வருடமாக வெள்ளத்தைக் கணிக்கும் கணினி மாடல் ஓட்டுகிறேன் தம்பி.

நதிக்கரையான்:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். அதே வரியில் 0.080 முதல் 0.120 வரை போட்டிருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? "சில" என்றால் ஏக்கருக்கு மூன்றா, முப்பதா? வெள்ளம் கிளையைத் தொட்டால் அடுத்த வரியே 0.120-க்குப் போகிறது. ஆழம் மாறினால் எண் மாறும் என்று உங்கள் அட்டவணையே சொல்கிறது.

குறுக்குவெட்டு:
மேனிங் எண் உரசல் எண் இல்லை, கரடுமுரடு எண். இரண்டும் ஒன்றில்லை. முதலில் சொல்லைச் சரியாகப் போடுங்கள்.

நதிக்கரையான்:
இப்போது அதுவா முக்கியம்? போன மாதம் தடுப்பணை இழையிலும் இப்படித்தான் சொல்லைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைக் கெடுத்தீர்கள். நான் கேட்பது 0.1 பற்றி. அகன்ற சமவெளியில் 0.05-ஐ 0.1 ஆக்கினால் அதே ஆழத்தில் வேகம் பாதியாகும். அதே அளவு தண்ணீர் போக வேண்டுமென்றால் ஆழம் ஒன்றரை மடங்காக ஏறும். அந்த ஏற்றத்தை நீங்கள் சமவெளி முழுக்கத் தடவிவிடுகிறீர்கள். நிஜத்தில் மரத்துக்கு மேல்பக்கம் தண்ணீர் தேங்கும், ஓரமாகத் திரும்பும், திரும்பிய இடத்தில் மண் அரிக்கும். பக்கத்து வயல்காரருக்கு உங்கள் மாடல் என்ன பதில் சொல்லும்?

மழைமானி:
ஒவ்வொரு மரத்தையும் வரைய எந்தத் திட்டத்திலும் காசு கிடையாது. அடுத்த வெள்ளத்தில் அந்த மரம் மிதந்து வேறு இடத்துக்குப் போய்விடும். நீங்கள் வரைந்த படம் அன்றைக்கே பழசு. 0.1 போட்டு, பதிவான வெள்ள மட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் போதும்.

ஓடைக்காரி:
இங்கிலாந்தில் பிக்கரிங் ஊரைப் பாருங்கள். 2007 வெள்ளத்துக்குப் பிறகு 2009-இல் வேலை தொடங்கி, மேலே ஓடைகளில் மரத்தடிகளைக் குறுக்கே போட்டார்கள். சாதாரண நீர் அடியில் போகும், ஏறும் வெள்ளம் கரை தாண்டிச் சமவெளிக்குப் பரவும். 2015 டிசம்பர் மழையில் உச்ச ஓட்டம் 15 முதல் 20 சதவீதம் குறைந்ததாக மதிப்பிட்டார்கள்.

மழைமானி:
அதில் ஏறக்குறைய பாதி, ஊருக்கு மேலே கட்டிய மண்கரைத் தேக்கத்தால். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஓடைக்காரி:
மீதிப் பாதி? அதை 0.1 கொடுத்ததா?

நதிக்கரையான்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். அந்தத் தடிகளை 0.1 என்று எழுதியிருந்தால், தண்ணீர் எந்த இடத்தில் கரை தாண்டும் என்றே தெரிந்திருக்காது. ஒரே ஒரு வெள்ள மட்டத்துக்குப் பொருந்த வைத்தால், அதைவிடப் பெரிய வெள்ளத்துக்கும் பொருந்தும் என்று யார் உறுதி தருவது? 18 வருடமா?

குறுக்குவெட்டு:
தடுப்பணை இழையில் நான் சொன்னதுதான் கடைசியில் சரியாக இருந்தது. பதிவில் இருக்கட்டும்.

மழைமானி:
என் அனுபவத்தை இழுக்காதீர்கள். மாற்று எண் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 0.1 தான்.

நதிக்கரையான்:
எண்ணே வேண்டாம் என்கிறேன், திரும்பவும் எண் கேட்கிறீர்கள். தடுப்பைத் தடுப்பாக வரையுங்கள். பெரிய மரங்களை மட்டும், வழி அடைக்கும் இடத்தில் மட்டும். மற்றதற்கு வேண்டுமானால் 0.08 வையுங்கள்.

மழைமானி:
ஆக, நீங்களும் அட்டவணையில் இருந்துதான் எடுக்கிறீர்கள்.

நதிக்கரையான்:
0.1 எடுக்கவில்லையே.