தேடி முடித்த அரை டாலர்களில் அடையாளம் வைப்பது: எதால், எங்கே, எத்தனை காசில்?

ரோல்பிரிப்பவர் கேட்டது:

அமெரிக்காவில் வங்கியிலிருந்து அரை டாலர் (50 சென்ட்) காசுப் பெட்டி எடுத்து, ரோல்களை (காகிதத்தில் சுற்றிய காசு அடுக்குகளை) பிரித்து, அதில் கலந்திருக்கும் பழைய வெள்ளிக் காசு தேடுகிற நண்பர்களிடம் ஒரு கேள்வி. நாலு வங்கிக் கிளைகளில் பெட்டி எடுத்து, பார்த்து முடித்ததை வேறு இரண்டு கிளைகளில் திருப்பிக் கொடுக்கிற ஏற்பாடு. எல்லாக் கிளைகளும் ஒரே வட்டாரம். கொடுத்த காசே சுற்றிவந்து மறுபடியும் கைக்கு வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பார்த்த காசில் மார்க்கரால் புள்ளி வைக்கலாம் என்று சிலரும், நெயில் பாலிஷ்தான் நிற்கும் என்று சிலரும் சொல்கிறார்கள். ஒரு பெட்டியில் 1000 காசு இருக்கிறது, அத்தனைக்கும் வைக்க வேண்டுமா? சட்டப்படி இதில் சிக்கல் உண்டா? பிறர் வைத்த புள்ளியோடு காசு வந்தால் அந்த ரோலைப் பார்க்காமலே ஒதுக்கிவிடலாமா?

நீலப்புள்ளி:

மை விஷயத்தை முதலில் சொல்கிறேன், பலர் தவறு செய்வது அங்கேதான்.

நெயில் பாலிஷ் வேண்டாம். அது மேலே தடிப்பாக உட்காரும். முழுசாகக் காய்வதற்குள் ரோலில் போட்டால் பக்கத்துக் காசோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இரண்டு காசு எண்ணும் இயந்திரத்துக்குள் போனால் சிக்கும், அந்த இயந்திரத்தை நிறுத்தித் திறக்க வேண்டியவர் வங்கி ஊழியர். காசில் யார் விட்ட பாலிஷ் என்று அவர் சீக்கிரமே தெரிந்துகொள்வார். பெயின்ட் மார்க்கரும் கிட்டத்தட்ட இதே கதைதான், செதில் செதிலாக உரியும். ஸ்டிக்கர், கீறல், பஞ்ச் இவற்றைப் பற்றிப் பேச்சே வேண்டாம். கீறிய காசு கீறியதுதான், திரும்ப வராது.

ஷார்ப்பி மாதிரியான, ஆல்கஹாலில் கரைத்த மை உள்ள மெல்லிய முனை மார்க்கர் போதும். புள்ளி 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். வைத்த பிறகு காசுகளைப் பரப்பி ஒரு நிமிடமாவது காயவிடுங்கள். ஈர மையோடு அடுக்கினால் எதிர்ப்பக்கத்துக் காசில் மங்கலாக ஒரு நகல் பதியும். ஒரு ரோலில் ஒரு காசுக்கு வைத்த புள்ளி இரண்டு காசில் தெரிந்தால் பிற்பாடு போடுகிற கணக்கெல்லாம் தப்பாகிவிடும். விரலின் எண்ணெய் படிந்த காசில் மை பரவாமல் திரண்டு நிற்கும், அது சீக்கிரம் உதிரும். காகிதத் துண்டால் அந்த இடத்தை ஒருமுறை ஒற்றிவிட்டு வையுங்கள்.

எங்கே வைப்பது? காசும் காசும் உரசுவது விளிம்பிலும் மேடான இடங்களிலும். அரை டாலரில் மேடு என்பது முன்பக்கத்தில் இருக்கும் கென்னடி உருவத்தின் கன்னமும் தலைமுடியும். அங்கே வைத்த புள்ளி நாலு தடவை இயந்திரத்தில் சுழன்றால் போய்விடும். அவர் இடப்பக்கம் பார்க்கிறார் அல்லவா, முகவாய்க்குக் கீழே, கழுத்துக்கு முன்னால், ‘இன் காட் வீ’ எழுத்துகளுக்குச் சற்று மேலே ஒரு வெற்றுத் தளம் இருக்கிறது. சுற்றிலும் முகமும் எழுத்தும் விளிம்பும் உயர்ந்து நிற்பதால் அந்தப் பள்ளத்தில் மை நீடிக்கும். ஆண்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். 1968 முதல் நாணயச்சாலை எழுத்து (காசு எங்கே அடித்தது என்று காட்டும் டி, எஸ் போன்ற எழுத்து) ஆண்டுக்கு மேலேதான் இருக்கிறது, அடுத்தவர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

நிறமும் முக்கியம். கறுப்பு அழுக்கு மாதிரித் தெரியும். பச்சை, செம்பு களிம்பு பிடித்த காசு மாதிரித் தெரியும். சிவப்பைப் பற்றி வேறு யாராவது சொல்வார்கள். நீலமும் ஊதாவும் தனித்துத் தெரிகின்றன.

கணக்குப்பிள்ளை:

1000 காசிலும் புள்ளி வைப்பது வீண் வேலை. ஒரு பெட்டி 50 ரோல், ரோலுக்கு 20 காசு. ஒவ்வொரு ரோலிலும் ஒரே ஒரு காசுக்கு வையுங்கள். பெட்டிக்கு 50 புள்ளி, அதாவது 5 சதவீதம்.

இந்த 5 சதவீதம் ஏன் என்றால்: அடுத்து வரும் பெட்டியில் உங்கள் பழைய காசு 100 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சராசரியாக 5 புள்ளிக் காசு இருக்கும். ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போக வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. இதையே சோம்பல்பட்டு பெட்டிக்கு 20 புள்ளி மட்டும் வைத்தால், அதே 100 பழைய காசில் சராசரி 2 புள்ளிதான். ஒன்றுமே தென்படாமல் போக 13 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. ‘புள்ளி இல்லை, எல்லாம் புதுக் காசு’ என்று நம்பி ஏமாறுவது இப்படித்தான்.

வந்த புள்ளியை 20-ஆல் பெருக்கினால் பழைய காசின் உத்தேச எண்ணிக்கை கிடைக்கும். 3 புள்ளி வந்தால் 60 காசு. ஆனால் ஒரே பெட்டியை வைத்து முடிவுகட்ட வேண்டாம். 3 என்பது மிகச் சிறிய எண், உண்மையில் 12 காசாகவும் இருக்கலாம், 175 காசாகவும் இருக்கலாம். ஒரே கிளையில் எடுத்த நாலைந்து பெட்டிகளைக் கூட்டிப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. நோட்டில் தேதி, எந்தக் கிளை, இயந்திரம் சுற்றிய ரோலா கையால் சுற்றியதா, புள்ளி எத்தனை, என்ன நிறம், இந்த ஐந்தும் போதும். கொட்டுகிற (பார்த்து முடித்ததைத் திருப்பிக் கொடுக்கிற) ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நிறம் என்று பிரித்துவிட்டால், எந்தக் கிளையில் கொட்டியது எந்தக் கிளை வழியாக வருகிறது என்பதும் தெரிந்துவிடும். அதற்கு மேல் மாதத்துக்கு ஓர் இடம், வாரத்துக்கு ஒரு வடிவம் என்று போகாதீர்கள், மூன்றாவது மாதம் உங்களுக்கே புரியாது.

இன்னொன்று. காசை இயந்திரத்தில் கொட்டாமல் ரோலாகவே கொடுக்கிறீர்கள் என்றால், புள்ளிக் காசை ரோலின் முனையில் புள்ளி வெளியே தெரியும்படி வையுங்கள். மடித்த காகிதத்தின் நடுவே அது தெரியும். அதே ரோல் திரும்பி வந்தால் கவுண்ட்டரிலேயே கண்டுபிடித்து வேண்டாம் என்று சொல்லிவிடலாம், பிரிக்கவே வேண்டாம்.

செம்புக்கோடு:

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன், ஏனென்றால் அதில்தான் நஷ்டம் இருக்கிறது. பிறர் புள்ளியைப் பார்த்து ரோலை ஒதுக்கவே ஒதுக்காதீர்கள்.

‘பார்த்தாயிற்று’ என்றால் எதைத் தேடிப் பார்த்தது? பெரும்பாலோர் ரோலைப் பிரித்து அடுக்கி விளிம்பை மட்டும் பார்க்கிறார்கள். செம்புக் கோடு தெரிந்தால் சாதாரணக் காசு, கோடே இல்லாமல் வெள்ளை விளிம்பு என்றால் 1964-உம் அதற்கு முந்தையதும், 90 சதவீத வெள்ளி. நடுவில் மாட்டிக்கொள்வது 1965 முதல் 1970 வரையிலான 40 சதவீத வெள்ளி. அதன் விளிம்பு பளிச்சென்று வெள்ளையாக இருக்காது, சாம்பல் கலந்து மங்கியிருக்கும், சிலதில் லேசான பழுப்புக்கூடத் தெரியும். விளக்கு வெளிச்சம் சரியில்லை என்றால் அனுபவசாலியும் விட்டுவிடுவார். சந்தேகம் வந்தால் ஆண்டைப் பாருங்கள், இல்லையேல் தராசில் வையுங்கள்: 90 சதவீதம் 12.5 கிராம், 40 சதவீதம் 11.5, சாதாரணம் 11.34. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் 0.16 கிராம்தான், தேய்மானத்திலேயே மறைந்துவிடும். அதனால் 40 சதவீதத்துக்கு எடையை மட்டும் நம்பாதீர்கள்.

விளிம்பு மட்டும் பார்ப்பவர் விட்டுப்போகிற சாதாரண உலோகக் காசிலும் தேட எவ்வளவோ இருக்கிறது. 2002 முதல் 2020 வரையிலான அரை டாலர்கள் புழக்கத்துக்கென்று அடிக்கப்படவில்லை, சேகரிப்பாளர்களுக்கு விற்கப்பட்டவை. யாரோ செலவழித்ததால்தான் ரோலுக்குள் வருகின்றன. ‘எஸ்’ எழுத்துள்ள புரூஃப் காசுகளும் (சேகரிப்பாளர்களுக்கென்று தனியாகப் பளபளப்பாக அடித்தவை) அப்படியே. 1974-டி இரட்டை அச்சு (எழுத்துகள் இரட்டையாகப் பதிந்த பிழைக் காசு), 1982-பியில் ‘எஃப்ஜி’ என்ற வடிவமைப்பாளரின் முதலெழுத்துகள் இல்லாத வகை, இரண்டுக்குமே லென்ஸ் வேண்டும். ‘எஃப்ஜி’ இருக்க வேண்டிய இடம் பின்பக்கத்தில் கழுகின் வாலுக்கும் காலுக்கும் இடையே. இவற்றையெல்லாம் அந்தப் புள்ளி வைத்தவர் பார்த்தாரா என்பது புள்ளியில் எழுதியிருக்காது.

மேலும், 50 புள்ளிக் காசு வந்த பெட்டியில் மீதி 950-உம் அதே ஆளுடையது என்றும் இல்லை. கொட்டிய காசு பணம் ஏற்றிச்செல்லும் நிறுவனத்தின் கிடங்குக்குப் போனால் அங்கே மற்றவற்றோடு கலந்துதான் சுற்றப்படுகிறது. சிறு கிளைகளில் நிலைமை வேறு. அரை டாலரை வேறு யாரும் கேட்பதில்லை என்பதால் டெல்லர் (கவுண்ட்டர் ஊழியர்) அதைப் பெட்டகத்திலோ இழுப்பறையிலோ வைத்திருந்து, அடுத்துக் கேட்பவருக்கு அப்படியே கொடுத்துவிடுவார். அங்கே கொட்டினால் சில நாளில் அதே காசு உங்களையோ இன்னொரு தேடுபவரையோ வந்தடையும். வாங்கும் வங்கியும் கொட்டும் வங்கியும் வெவ்வேறு நிறுவனமாக இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான். ஆனால் இரண்டும் ஒரே கிடங்கிலிருந்து காசு எடுக்கலாம். அதை வெளியிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை. உங்கள் புள்ளிகள் சொன்னால்தான் உண்டு.

சிவப்பைப் பற்றி: சிவப்பு பாலிஷ் பூசிய குவார்ட்டர் (25 சென்ட் காசு) தேடுபவர் வைத்தது அல்ல. மதுக்கூடங்களில் இசைப்பெட்டியை ஓட்ட முதலாளி தன் காசைப் போடுவார். இயந்திரத்துக்காரர் பெட்டியைத் திறந்து வசூலைப் பிரிக்கும்போது சிவப்பு பூசியதை முதலாளிக்குத் திருப்பிவிடுவார். அந்தப் பழக்கத்தில் தப்பி வெளியே வந்த காசு அது. குவார்ட்டர் ரோல் பிரிப்பவர்கள் அதைத் தங்கள் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அரைடாலர்64:

சட்டம் சுருக்கமாக. அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 18-ஆம் தலைப்பு 331-ஆம் பிரிவு தடுப்பது மோசடி நோக்கத்தோடு காசை மாற்றுவதை, சிதைப்பதை, எடை குறைப்பதை. மதிப்பை மாற்றாமல் ஒரு மைப் புள்ளி வைத்து அதே 50 சென்ட்டுக்குத் திருப்பிக் கொடுப்பதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் 475-ஆம் பிரிவு தனி. காசின் மேல் வியாபார அட்டை, அறிவிப்பு, விளம்பரம் எழுதுவதையோ ஒட்டுவதையோ அது தண்டிக்கிறது. ‘வெள்ளி கிடைத்தால் தொடர்புகொள்ளவும்’ என்று கடைப்பெயரோ வலைமுகவரியோ எழுதுகிற ஆசை யாருக்கும் வர வேண்டாம்.

புள்ளியை எடுப்பதையும் சொல்லிவிடுகிறேன், நல்ல காசில் மை இருந்தால் தேவைப்படும். சுத்தமான அசிட்டோன், ஹார்ட்வேர் கடையில் டின்னில் வருவது. நெயில் பாலிஷ் ரிமூவரில் எண்ணெய், வாசனை, நிறம் எல்லாம் சேர்த்திருப்பார்கள், அது காசில் படலமாகத் தங்கும். கண்ணாடிக் குப்பியில் காசு மூழ்கும் அளவு ஊற்றி ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். பிறகு இரண்டாவது குப்பியில் புது அசிட்டோனில் ஒரு முக்கு. இந்த இரண்டாவது முக்கைத் தவிர்த்தால் கரைந்த மை மெல்லிய நிழலாக முகம் முழுக்கப் பரவிக் காய்ந்துவிடும். விளிம்பைப் பிடித்து எடுத்துத் துணியில் கிடத்துங்கள், தானே உலரும். தேய்க்கக் கூடாது, பஞ்சால் சுழற்றவும் கூடாது. அசிட்டோன் உலோகத்தை எதுவும் செய்யாது, தேய்ப்புதான் முடி போன்ற மெல்லிய கீறல்களை உண்டாக்கும். பிளாஸ்டிக் கிண்ணம் கரையலாம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

ரோல்பிரிப்பவர்:

அனைவருக்கும் நன்றி. ஒரு சின்ன சந்தேகம். 20 காசையும் அடுக்கிப் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரே கோடு இழுத்தால் ஒரு நொடியில் வேலை முடியுமே? முகத்திலும் எதுவும் படாது.

செம்புக்கோடு:

அதைச் செய்யவே செய்யாதீர்கள். விளிம்புதான் எல்லோரும் படிக்கிற இடம். கோடு இழுத்த இடத்தில் செம்பு மறைந்துவிடும். அடுத்தவர் அடுக்கிப் பார்க்கும்போது அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் சாம்பல் விளிம்பு என்று நினைத்து ஒவ்வொன்றாக எடுப்பார். அதைவிட மோசம், நாளாக நாளாக அவர் கண் அதற்குப் பழகிவிடும். நிஜமான 40 சதவீதம் வரும்போது ‘மை’ என்று தள்ளிவிடுவார். தவிர, இயந்திரத்தில் காசு உருள்வது விளிம்பில்தான். 150 வரிப்பள்ளங்களின் மேட்டிலிருந்து மை முதல் சுற்றிலேயே தேய்ந்துபோகும், பள்ளத்தில் மட்டும் கறுப்பாக ஒட்டியிருக்கும். அது பார்க்க அழுக்கு மாதிரியே இருக்கும்.

நீலப்புள்ளி:

அதோடு, உங்கள் கிளை ரோலைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கும் வகை என்று தெரிந்தால் காசைத் தொடவே வேண்டாம். மடிப்பின் உள்பக்கத்தில், காகிதத்தில் ஒரு நீலப் புள்ளி. சுற்றிய பின் வெளியே தெரியாது, பிரிக்கும்போது உங்களுக்கு மட்டும் தெரியும்.